வியன்னாவில் நின்றுகொண்டே கேட்ட சங்கீதம்

(நாக்பூர் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாடு போய் வந்தவர் யாராவது கண்ணில் பட்டால் உடனே மேடையேற்றி விடுவது நம் சங்கத்தின் வழக்கம். பத்து நாளில் எட்டு தேசம் பார்த்தவர்களெல்லாம் இங்கே பேசியிருக்கிறார்கள். என் கதை அப்படியல்ல. விசாவில் கொடுத்த 90 நாளில் பெரும்பகுதியை ஒரே ஊரில் கழித்தேன். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா. பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. மே முதல் ஜூலை வரை நாங்கள் போயிருந்ததால் பனியையும் கிறிஸ்துமஸ் சந்தைகளையும் பார்க்கவில்லை. அதைப் பற்றி வேறு யாராவது பேசட்டும்.

முதல் வாரம் வழக்கமான இடங்கள்தான். ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்துக்குள் ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கிறது. மரியா தெரேசாவின் கணவர் 1752ல் ஏற்படுத்தியது. உலகில் இன்றும் நடந்துவரும் மிருகக்காட்சிசாலைகளில் அதுதான் மிகப் பழையது. பிராட்டர் மைதானத்தில் 1897ல் கட்டிய ராட்சத ராட்டினம். கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரம். 1944ல் யுத்தத்தில் எரிந்துபோனதை மறுபடி நிறுத்தினார்கள். முதலில் 30 பெட்டிகள் இருந்தன, இப்போது 15தான். ரயில் பெட்டி மாதிரி மரத்தாலான அறைகள், மிக மெதுவாகச் சுற்றுகிறது. என் அகத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொல்லிக்கொண்டே ஒரு சுற்று முடித்தாள்.

என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். 2010லிருந்து அங்கே அரசு அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்களுக்குத்தான் டிக்கெட், பேத்தி நேராக உள்ளே ஓடுகிறாள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் சிலை இருக்கிறது. 1908ல் வில்லெண்டார்ஃப் என்ற கிராமத்தில் கிடைத்தது, வயது ஏறத்தாழ 30,000 ஆண்டு. அதைப் பார்க்கத் தனி அறையில் எல்லோரும் மெதுவாக நகர்ந்து போனார்கள். பேத்தி அரை நிமிஷம் பார்த்துவிட்டு விண்கல் கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு மணி நேரம். இலவசம் என்பதால் 'காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் பார்' என்று யாரும் அவளை அதட்டவில்லை.

இனி ஓபரா. 1869ல் திறந்த கட்டடம், 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்து, 1955ல் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு மறுபடி திறந்தது. நல்ல இருக்கைகளின் விலையைக் கேட்டு, நம் பென்ஷனில் ஆகிற காரியமில்லை என்று எழுந்துவிட்டேன். பெண் சிரித்தாள். "அப்பா, நிக்கற டிக்கெட் இருக்கு. நாமெல்லாம் அதுலதான் போகப்போறோம்" என்றாள். நூற்றுக்கணக்கான பேர் நின்று கேட்க வரிசை வரிசையாகக் கம்பி போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருக்கைகளோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பத் தொகை. உள்ளே போனதும் ஒவ்வொருவரும் தன் கழுத்துத்துணியை எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டு வெளியே போகிறார்கள். துணி இருந்தால் இடம் அவருடையது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நானும் என் அங்கவஸ்திரத்தைக் கட்டினேன்.

அன்று மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்'. 1791 செப்டம்பரில் இதே ஊரில் முதலில் மேடையேறியது. டிசம்பரில் மொஸார்ட் காலமாகிவிட்டார். நிற்கிறவர்களுக்குக்கூட எதிரே சின்னத் திரையில் வசனத்தின் மொழிபெயர்ப்பு ஓடுகிறது. பறவை பிடிப்பவன் வந்தபோது பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். முறைக்கப்போகிறார் என்று பயந்தேன். அவரும் சிரித்தார்.

இடைவேளையில் முழங்கால் வலி தாங்காமல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நாக்பூர்ல ஒன்பது வருஷம் இருந்தோம். அஜப் பங்களாக்குக் கூட்டிண்டு போறேன்னு எத்தனை தடவை சொன்னேள், ஞாபகம் இருக்கா?" கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சிவில் லைன்ஸில் இருக்கும் நம் சென்ட்ரல் மியூசியத்தைத்தான் சொன்னாள். 1863ல் ஏற்பட்டது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ரிக்ஷாவில் கால் மணி நேரம். ஆடிட், பட்ஜெட், மந்திரி வருகை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அவளுக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. மணி அடித்தது, எழுந்து போய் மீதியை நின்று கேட்டோம்.

ஜூனில் ஷோன்புருன் தோட்டத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஒரு இரவுக் கச்சேரி வைக்கிறது. 2004லிருந்து நடக்கிறது, அனுமதி இலவசம். அதே குழுவின் புத்தாண்டுக் கச்சேரியை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் பம்பாய் ஜூபின் மேத்தா அதை ஐந்து முறை நடத்தியிருக்கிறார். அது தொடங்கியது 1939 கடைசி நாளில், நாஜிகள் ஆட்சியில். அதையும் அந்த ஊர்க்காரர்கள் இப்போது மறைக்காமல் சொல்கிறார்கள். தோட்டத்தில் நாங்கள் புல்லில் ஜமக்காளம் விரித்து, டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதம் சாப்பிட்டோம். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

கடைசி வாரம், எனக்கு மட்டும் வேண்டியிருந்த ஓர் இடத்துக்குப் போனோம். 71ஆம் நம்பர் டிராமில் மத்திய மயானம். மயானத்துக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது என்று என் அகத்துக்காரி வரவில்லை. அங்கே பூங்கா மாதிரி மரங்களுக்கு நடுவே மனிதர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் ஒரு பகுதியில். நான் தேடிப் போனது வேறு பகுதியில் இருந்த போல்ட்ஸ்மானை. அணுக்கள் உண்டு என்று சாதித்தவர். மாக் போன்றவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை. 1906ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பின்னாளில் வைத்த கல்லில் அவர் தலைக்கு மேல் ஒரு சமன்பாடு மட்டும்: எஸ் = கே லாக் டபிள்யூ. பி.எஸ்ஸி. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த அதே வரி.

"தாத்தா, இது என்ன கணக்கு?" என்றாள் பேத்தி.

"நவராத்திரிக்கு ஒன்பது படியில கொலு வெச்சாச்சு. தசாவதாரம் வரிசையா, செட்டியார் பொம்மை கடைசியில. சரியா வைக்க எத்தனை வழி?"

"ஒண்ணு."

"நீயும் உன் ஃபிரண்ட்ஸும் கலைச்சா?"

அவள் யோசித்தாள். "எண்ணவே முடியாது."

"அந்த எண்ணிக்கைதான் டபிள்யூ. ஒழுங்குக்கு வழி குறைச்சல், கலையறதுக்கு வழி ஏராளம். அதனாலதான் எதுவும் தானா அடுக்கிக்காது, தானா கலையும்."

"அப்போ யாராவது உட்கார்ந்து அடுக்கணும்" என்றாள். என் பெண் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் செயலாளரிடம் பேசினேன். டிசம்பர் விடுமுறையின் முதல் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அஜப் பங்களா வாசலில் நான் இருப்பேன். சங்கத்துக் குழந்தைகளுக்கு டிக்கெட் என் பொறுப்பு. கல்வெட்டு, நாணயம், பாடம் பண்ணிய மிருகம், எதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பெற்றோர்கள் வந்தால் சந்தோஷம். வர முடியாதவர்கள் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு மணிக்கு வந்து அழைத்துப் போகலாம். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.