இடம் மாறும் மென்பொருள்கள்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அலுவிகாரை என்னும் குகைக்கோயில். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், அதுவரை பிக்குமாரின் நினைவிலேயே வாழ்ந்துவந்த திரிபிடகம் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. மூலத்தை மட்டுமன்றி, அதன் உரையையும் அவர்கள் எழுதிவைத்தனர் என்று மகாவம்சம் கூறுகிறது. ஒன்றை இடம் மாற்றும்போது அதற்குத் துணையாய் நிற்பதையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய கணினியில் 'சி' எனப்படும் தட்டு நிரம்பிவிட்டது. 'டி' என்னும் தட்டு வெறுமையாய்க் கிடக்கிறது. கணக்கெழுதும் மென்பொருளின் கோப்புறையை அவர் அப்படியே அங்கே நகர்த்திவிடுகிறார். மறுநாட் காலையில் அது இயங்க மறுக்கிறது. வரவேண்டிய நிலுவையும் கொடுக்கவேண்டிய பாக்கியும் அதனுள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. நேர்ந்த பிழை யாது?

கடிதமும் நிழற்படமும் பெட்டியில் வைத்த ஏடு போன்றவை. எங்கே வைத்தாலும் படிக்கலாம். நிறுவப்பட்ட மென்பொருளோ வேரூன்றிய மிளகுக் கொடி. நிறுவும்போதே அதன் சில பகுதிகள் வின்டோஸ் முறைமையின் பொதுக் கோப்புறைகளுக்குச் செல்கின்றன. பயன்படுத்துவோரின் விருப்பங்கள் வேறோரிடத்தில் பதிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முகவரி முறைமையின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. கோப்புறை இடம் மாறினாலும், பதிவேடு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழிகள் மூன்று. முதலாவது, கணக்குத் தரவுகளைப் படியெடுத்து, உரிமக் குறியீட்டையும் குறித்துவைத்துக்கொண்டு, மென்பொருளை முறைப்படி நீக்கி, புதிய தட்டைத் தெரிவுசெய்து மீண்டும் நிறுவுதல். மிகுதியான மென்பொருள்களுக்கு இதுவே ஏற்றது. இரண்டாவது, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த வின்டோஸ் 10 முதல் அமைப்புகள் பகுதியிலேயே உள்ள நகர்த்தும் வசதி. மைக்ரோசொவ்ற் அங்காடியிலிருந்து பெற்ற செயலிகள் பலவற்றுக்கு இது உதவும். ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் உதவாது. மூன்றாவது, பழைய தட்டையே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவோர்க்கு உரியது. தட்டு முழுவதையும், முறைமையோடும் பதிவேட்டோடும், அச்சொட்டாகப் படியெடுப்பதே அது. அவ்வாறு செய்தால் முகவரிகள் மாறுவதில்லை.

எவ்வழியைக் கைக்கொண்டாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தின்போது அலுவிகாரையின் சுவடிகள் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. வேறிடங்களில் அதன் படிகள் இருந்தன. புதிய தட்டில் மென்பொருள் திறந்து, கணக்குகள் யாவும் சரியாய்த் தோன்றுவதைக் கண்ணாற் கண்ட பின்னரே தரவுகளின் பழைய படியை அழித்தல் வேண்டும். அதுவரை பொறுத்திருப்பவருக்கு இழப்பில்லை.