தெரியாதென்னும் திறவுகோல்
(ஊத்துக்கோட்டையில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1880-ஆம் ஆண்டில், கும்பகோணம் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரை நோக்கிச் சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என வினவினார். பல நூல் கற்ற ஐயர் இல்லையென்றே விடையிறுத்தார். பின்னர் ஏட்டை ஆராய்ந்தபோது ஜைன மரபுகள் விளங்கவில்லை. சைவ மடத்திற் பயின்ற அவர், அவ்வூர் ஜைனர் இல்லஞ் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் அந்நூல் அச்சேறியது.

யானோ, மாணவனொருவன் ஒரு சொல்லுக்குப் பொருள் வினவ, தெரியாதென்னக் கூசிப் பிழைபட உரைத்தேன். அதனையே பரீட்சையில் எழுதி அவன் மதிப்பெண் இழந்தான். வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அன்றுமுதல் மாணாக்கர் அச்சமின்றி வினவுகின்றனர்.

நம் இல்லங்களிலும், "தெரியாது, அறிந்தாரைக் கேட்போம்" எனப் பிள்ளைகளிடம் நாணாது கூறுவோமாக. அறிந்தார் எக்குலத்தவராயினும் அவர் வாயிலில் நிற்றல் நமக்கு இழிவன்று.