செம்புள்ளியும் ரவைத் துப்பாக்கியும்



ரவைத் துப்பாக்கிக்குக் குறி எதற்கு, ஒரு பிடி ரவையை வாரி இறைத்தால் ஏதாவது ஒன்று பட்டே தீரும் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் அநேகர். காவிரிப் படுகையில் இந்த எண்ணம் வேரூன்றியதற்கு ஒரு நியாயமும் உண்டு. திருவிடைமருதூரைச் சுற்றியுள்ள சம்பா வயல்களில் குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து இறங்கும் உள்ளான் இருக்கிறதே, அது காலடியிலிருந்து திடீரெனக் கிளம்பி, கோணல்மாணலாக வளைந்து வளைந்து பறக்கும் பறவை. துரைமார் காலத்தில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வரப்பில் நடந்து அதைச் சுட்டவர்கள், குழலின் முனையிலுள்ள சிறு மணியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமேது? கண் பறவையின்மேல் இருக்கும். கை தானாகப் பின்தொடரும். ரவையின் சிதறல் கைப்பிழையை மறைத்துவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, நாளடைவில் வேட்டை தடையான பிறகு அந்த வேட்டைக்கும் நமக்கும் சம்பந்தம் அற்றுவிட்டது. அற்றதில் எனக்கு வருத்தமில்லை.

நம் பக்கத்து ஊர்களில் நரிக்குறவர்களிடம் காணப்பட்ட நாட்டுத் துப்பாக்கியோ வேறு ஜாதி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தக்கையை வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு மறுபடியும் இடித்து, கடைசியில் ‘கேப்’ என்னும் வெடிமூடியைச் செருகிச் சுடவேண்டிய அந்த ஒற்றைக்குழல் ஆயுதம் இடப்பக்கம் இழுக்கிறதென்றால், அதைத் திருத்த அதில் திருகாணி ஏது? கையில் எடுத்தவன்தான் அந்தக் கோணலைத் தன் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டு, குறியை அந்த அளவுக்கு வலப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். துப்பாக்கியின் பிழையை மனிதன் சுமப்பது பழைய முறை. அந்தப் பிழையைக் கருவியிலேயே தீர்த்துவிடுவது இன்றைய முறை. இரண்டாவதைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்குத் தக்க உதாரணம் கடல் கடந்த அமெரிக்கக் காட்டில் இருக்கிறது.

நமக்கு வான்கோழி என்றால் கொல்லையில் திரிந்து, கிறிஸ்துமஸுக்கு விலைபோகும் வளர்ப்புப் பறவை. அதன் மூலஜாதியோ வட அமெரிக்கக் காடுகளில் வாழ்வது. பார்வைக் கூர்மைக்குப் பெயர்போனது. வசந்த காலத்து விடியற்காலையில், இலைநிற உடை தரித்து மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலைப் போலவே ஒலி எழுப்பிச் சேவலை அருகே வரவழைப்பதுதான் அங்கே வேட்டையின் சம்பிரதாயம். உடலை இறகும் தசையும் காப்பதால், தலையும் கழுத்துமே குறி. அந்தக் குறியின் அகலமோ சில அங்குலம். அதற்காகக் குழலின் வாயைக் குறுக்கும் ‘சோக்’ என்ற துண்டைத் திருகிப் பொருத்தி, ரவைகள் சிதறாமல் நெருங்கிச் செல்லும்படி செய்கிறார்கள். உள்ளான் வேட்டையில் கிடைத்த சலுகை இங்கே கிடையாது. பறவையைக் கண்ட பதற்றத்தில் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருந்த கன்னத்தைச் சற்றே தூக்கிவிட்டால் போதும். கண் உயர்ந்த அளவுக்குக் குழல்வாயும் உயர்ந்து, ரவை முழுவதும் தலைக்கு மேலே போய்விடும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததே ‘ரெட் டாட் சைட்’ எனப்படும் செம்புள்ளிக் குறிகாட்டி. இரவு நேரத்தில் மயிலாடுதுறை வண்டியில் போகும்போது, பெட்டிக்குள் எரியும் விளக்கு ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்து, வெளியே வயலின் நடுவே எரிவதுபோலத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் ஏறக்குறைய அதுதான். கருவிக்குள் ஒரு சிறு மின்னொளி. அதற்கு எதிரே சிவப்பொளியை மட்டும் திருப்பி அனுப்பும் வளைந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஒளிக்கதிர்களை இணைகோடுகளாக்கி அனுப்புவதால், கண் சற்று விலகினாலும் புள்ளி குறியைவிட்டு அதிகம் நகர்வதில்லை. டப்ளின் நகரத்து வானியல் கருவி நிபுணர் ஹோவர்ட் கிரப் 1900-ஆம் ஆண்டிலேயே இந்தத் தத்துவத்தில் ஒரு குறிகாட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்துச் சண்டை விமானங்கள் அதன் வழிவந்த கருவிகளைத் தாங்கிப் பறந்தன. 1970-களில் ஸ்வீடன் நாட்டு ஏம்பாயிண்ட் நிறுவனம் அதைக் கைத்துப்பாக்கிகளுக்கும் நீள்துப்பாக்கிகளுக்கும் ஏற்ற மின்கருவியாக்கியது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: கருவிழியின் வளைவில் குறையுள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம்போலச் சிதறித் தெரியும். அவர்கள் கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை. மூக்குக்கண்ணாடியைத்தான் தேட வேண்டும்.

கருவியைக் கடையில் வாங்கிவிடலாம். குறியைக் கடையில் வாங்க முடியாது. அதைத் தாளின் முன்தான் சம்பாதிக்க வேண்டும். மூன்று நான்கு அடி அகலமுள்ள வெள்ளைத்தாளை ஒரு சட்டத்தில் இறுகக் கட்டி, நடுவே மையால் ஒரு புள்ளி வைத்து, துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் சாய்த்து, முதலில் பத்துப் பதினைந்து கஜ தூரத்திலிருந்து சாதாரண இலேசான தோட்டாவால் சுடுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே வேட்டைத் தோட்டாவைப் போட்டால், அதன் உதை தோளை நோகடித்து, அடுத்த வேட்டுக்கு முன்பே உடம்பு அஞ்சிச் சுருங்கிவிடும்; அஞ்சிய தோளோடு சுட்ட தாள் துப்பாக்கியின் குணத்தைச் சொல்லாது, சுட்டவனின் அச்சத்தையே சொல்லும்.

சுட்ட தாளை அருகே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் தாள் பின்பக்கமாகப் பிய்ந்து மலர்ந்திருக்கும். சில துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கிழிசலாகியிருக்கும். ஓரத்தில் இரண்டொன்று தனித்து நிற்கும். அந்தத் தனித்த துளைகளை நம்பி முடிவு செய்பவன் ஏமாறுவான். துளைகள் அடர்ந்த இடத்தின் மத்தியைக் கண்ணால் நிதானித்து, அங்கே பென்சிலால் குறியிட்டு, மைப்புள்ளியிலிருந்து அது எவ்வளவு மேலே, எவ்வளவு பக்கத்தில் என்று அளக்க வேண்டும். ஒரே ஒரு முறை சுட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தகாது.

பிறகுதான் திருகாணி. குறிகாட்டியில் மேல்கீழாக நகர்த்த ஒன்றும் இடவலமாக நகர்த்த ஒன்றுமாக இரண்டு சிறு திருகாணிகள் உண்டு. திருப்பும்போது ‘டிக்’கென்று கை உணரும்படி படிப்படியாகச் செல்லும். பல கருவிகளில் ஒரு படி என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை. ஒரு கலை நூறு கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். நாற்பது கஜத்தில் அங்குலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே, நாற்பது கஜத்தில் நான்கு அங்குலம் தவறினால் பத்துப் படி திருப்ப வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல், மனம்போனபடி திருகித் திருகி ஒரு பெட்டித் தோட்டாவைக் காலிசெய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கிட்டத்துக் குறி சேர்ந்தபின் நாற்பது கஜத்துக்குப் பின்வாங்கி, இப்போது வேட்டைக்கே உரிய தோட்டாவைப் போட்டுச் சுட்டு, அடர்ந்த பகுதியைச் சுற்றிப் பத்து அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளைப் பொறுமையாக எண்ணுகிறார்கள். நூறு இருந்தால் நல்லது என்பது அங்கே பலர் கைக்கொள்ளும் கணக்கு. குறைந்தால் தோட்டாவின் தயாரிப்பையோ சோக்கையோ மாற்றுவார்கள். மாற்றினால் குறியும் மாறக்கூடும். ஆகவே மறுபடியும் புதுத் தாள். எண்ணிக்கை போதாத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவது பறவையைக் கொல்லாமல் காயப்படுத்துவதற்கே வழி என்பதை அறிந்தவர்கள் அவர்கள். இந்தத் தொழிலில் நான் மெச்சுவது விடியற்காலைக் காட்டில் நடப்பதை அன்று, அதற்கு முந்தைய வாரம் தாளின் முன்னால் நடப்பதையே.

நம் நாட்டில் ரவைத் துப்பாக்கி இன்று கௌரவமாக வாழும் இடம் ‘டிராப்’ என்னும் களிமண் தட்டுச் சுடும் போட்டி. புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய டிராப் அணியோடு தங்கம் வென்று, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களம் கண்டவர். அந்தப் போட்டியில் ஒளிவிடும் குறிகாட்டிக்கு இடமில்லை, விதியே அனுமதிப்பதில்லை. அங்கே பின்குறியாக நிற்பது சுடுகிறவரின் கண்ணேதான். ஆனாலும் அவர்களும் தாளைத் தவிர்ப்பதில்லை. திருகாணிக்குப் பதிலாகக் கட்டையில் கன்னம் பதியும் பகுதியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும், ரவைக்கூட்டம் எங்கே விழுகிறதென்று பார்த்துக்கொள்கிறார்கள். தட்டு மேலெழுந்தே பறப்பதால், குறிக்குச் சற்று உயரவே சுடும்படி வேண்டுமென்றே அமைத்துக்கொள்வாரும் அவர்களில் உண்டு.