பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்
(ஜார்ஜ் டௌனில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நான் மரம் சீவுகிறவன். பிள்ளையின் படிப்பில் எனக்கென்ன வேலை? அதற்குத்தான் வாத்தியார் இருக்கிறாரே!" என்று சொல்லக் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லவே வந்தேன்.

இந்த ஊரில்தான் 1816 அக்டோபர் 21ஆம் தேதி பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியது. அங்கே தமிழ் வகுப்பும் நடந்தது. அதைக் கணக்கிட்டே 2016இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு விழா எடுத்தோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்து வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கொட்டகை எழுந்தது, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் எல்லா இடத்துக்கும் வரவில்லை. கங்காணியும் கிராணியும் பாடம் சொன்ன தோட்டங்கள் உண்டு.

என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மாலையில் லயத்து வாசலில் என்னை உரக்க வாசிக்கச் சொல்லுவார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. நான் தடுமாறினால் மட்டும் காது கண்டுபிடித்துவிடும். "அந்த இடத்தை மறுபடி சொல்லுடா" என்பார். ஒருநாள் புரியாத பக்கத்துக்கு நானே ஒரு கதை கட்டி வாசித்தேன். மறுநாள் அதே பக்கத்தைக் கேட்டார். கதை மாறிப் போயிற்று, மாட்டிக்கொண்டேன்! எழுத்தறியாத மனிதர் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அப்படித்தான்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. ஒட்டுப்பால் எடுக்க ஆள் குறைந்தால் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். அந்த நாட்களில் விட்ட கணக்குப் பாடம் எனக்குப் பின்னால் பிடிபடவேயில்லை.

இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பள்ளிதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வருவதோடு நம் கடமை முடிகிறதா? கட்டட நிதியைப் பற்றிக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, "என் பிள்ளை எந்தப் பாடம்வரை தானாக வாசிக்கிறான்?" என்றும் கேளுங்கள். ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் நீக்கப்பட்டது. பிள்ளைகள் அந்தப் பாரத்திலிருந்து தப்பியது நல்லதே. ஆனால் பிள்ளை பின்தங்கியதை முன்பு அந்தத் தாளாவது நமக்குக் காட்டிற்று. இப்போது நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; அதுவும் ஆறாம் ஆண்டுவரை காத்திராமல், முதல் ஆண்டிலேயே.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து மலாயில் வரும் கடிதம் சில வீடுகளில் படிக்கப்படாமலே கிடக்கிறது. யாராவது கொண்டுவந்து நீட்டினால், "பிறகு வா" என்னாமல் அப்போதே வாசித்துச் சொல்லுங்கள்.

தாய்மார்கள் சிலர் கேள்வி கேட்கக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் விட்டு அமர்கிறேன்.