பீலித் தண்ணீரும் நம் வீட்டு வெளிச்சமும்

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மண்ணெண்ணெயும் இல்லை. பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். அதற்குப் பிறகு கட்டணத்தையும் ஏற்றினார்கள்.

இந்த நாட்டுக்கு வெளிச்சம் போனதே நம் மலையிலிருந்துதான். லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரிகிறது; நம் ஆட்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். கம்பி நம் தலைக்கு மேலே போயும், லயத்தில் பல காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் ஆற்றைக் குழாயில் இறக்கி, டர்பைன் வைத்துத் தேயிலை ஃபெக்டரியை ஓட்டினார்கள். பெரிய கம்பி வந்ததும் அதில் பலவற்றைக் கைவிட்டார்கள். துருப்பிடித்த குழாய்களை இன்றும் சில தோட்டங்களில் பார்க்கலாம்.

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்கள் 1990களிலிருந்து இதையே தாங்களாகச் செய்தன. மின் நுகர்வோர் சங்கம் அமைத்தார்கள். சிரமதானத்தில் கால்வாய் வெட்டினார்கள். கடனும் உதவியும் எடுத்துச் சின்ன டர்பைன் வைத்து, மாதச் சந்தாவில் பராமரித்தார்கள். கணக்கு ரொம்ப எளிது. விநாடிக்கு 20 லீற்றர், அதாவது ஒரு பெரிய வாளித் தண்ணீர், 50 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், வீணாவதைப் பாதி என்று கழித்தாலும் சுமார் 5 கிலோவாட் கிடைக்கும். வீட்டுக்கு 200 வாட் வீதம் 25 குடும்பம். பல்பு, டீவி, போன் சார்ஜ், அவ்வளவுதான். அயர்ன் போட முடியாது. ஒருவர் களவாகப் போட்டால் எல்லார் வீட்டு பல்பும் மங்கும், அன்றைக்கு லயத்தில் சண்டைதான்! டர்பைனுக்குப் போன தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே வரும். ஆனால் இடையில் குடிதண்ணீர் பீலி இருந்தால், முதலில் அதற்குரியதை விட்டுவிட வேண்டும்.

அந்தக் கிராமங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பெரிய கம்பி வந்ததும் ஆட்கள் அதற்கு மாறினார்கள். சந்தா நின்றது, பல டர்பைன்கள் நின்றன. சில சங்கங்கள் மட்டும் தங்கள் மின்சாரத்தை அந்தக் கம்பிக்கே விற்கும் வழியைப் பிடித்தன. லயத்துக்கு ஏற்கெனவே கம்பி வந்துவிட்ட நாம், செய்வதென்றால் அந்த வழியைத்தான் முதலிலேயே கேட்க வேண்டும்.

நமக்கு ஏன் இது வரவில்லை? கிராமத்தானுக்குக் காணி இருந்தது. நமக்கு ஆறும் நிர்வாகத்தின் காணிக்குள், கூரையும் நிர்வாகத்தினுடையது. 2016இல் அரசாங்கம் கூரைச் சோலார் திட்டம் கொண்டு வந்தபோது, சொந்தக் கூரையும் சொந்தப் பெயரில் மீற்றரும் உள்ளவர்களுக்குத்தான் அது சுலபமாக இருந்தது. இருநூறு வருசம் உழைத்தும் ஒரு தகட்டை மாட்ட இன்னொருவரிடம் கடிதம் கேட்கும் நிலையில் இருக்கிறோம். ஆகவே சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைக்கிறோம்: காணி உறுதி, வீட்டுக்கு வீடு தனி மீற்றர், சும்மா கிடக்கும் பழைய டர்பைன் இடங்களைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகைக்குத் தருவது. பொருளாளராக ஒரு தாய்மார் இருக்கட்டும். மரணாதார சங்கத்துக் காசைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

வரட்சி மாதத்தில் உங்கள் டிவிசன் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, பழைய குழாய் எங்கே கிடக்கிறது, எத்தனை வீட்டில் மீற்றர் சொந்தப் பெயரில் இருக்கிறது என்பதை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மழைக்காலத்துக் கணக்கு வேண்டாம்.