அச்சமின்மைக்கு இரண்டு விலை



2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி சிதைக்கப்பட்டாள். 2014-இல் கான்பூர் அரசு ஆலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென வெளியிட்டது. 32 காலிபர், எடை அரைக் கிலோ, அன்றைய விலை 1,22,360 ரூபாய். பின்னர் 22 காலிபர் ‘நிடர்’ வந்தது. எடை கால் கிலோ. அப்போதைய விலை ஏறக்குறைய 35,000 ரூபாய். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: அஞ்சாமை!

எதை வாங்கலாம்? மலிவானது கைக்கு இலகு, குண்டோ சிறிது. மற்றதற்கு வலு அதிகம், விலையும் அதிகம். இரண்டுக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் நம் சகோதரிக்கு இரண்டுமே எட்டாக்கனி.

நாம் கேட்பது விளக்கெரியும் தெரு, நம்பி ஏறும் பேருந்து, புகாரை ஏற்கும் காவல் நிலையம். அரசு தரவேண்டிய பாதுகாப்பை ஆலை வாசலில் விலைக்கு வாங்க மாட்டோம்!