முகப்பரு வடு: ஒரே களிம்பால் தீருமா?



பந்திங் வட்டாரத் தோட்டங்களில் பருவடுவால் மனம் குன்றும் இளையோர் உள்ளனர். கரும்புள்ளி வேறு, பள்ளம் வேறு. வெயில் படாமற் காத்தால் புள்ளி சில மாதங்களில் மங்கக்கூடும். பள்ளமோ தோலின் ஆழத்தில் நேர்ந்த சேதம். எக்களிம்பும் அதனை நிரப்பாது. அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுத்தல், குறுகிய குழியில் அமிலம் தொடுதல், நுண்ணூசி, லேசர் ஆகியவற்றுள் இரண்டு மூன்றைத் தோல் மருத்துவர் இணைத்துச் செய்வார். தவணைகள் பல, செலவும் உண்டு. வடு குறையும், அடியோடு மறையாது. நம் கருநிறத் தோலிலோ லேசர் அளவு மீறினால் புதுக்கருமை படரும்.

முதலில் பரு அடங்கவேண்டும். அதற்கு அரசாங்க மருந்தகத்தை நாடுங்கள். இரவுச் சந்தை 'வெளுப்பு'க் களிம்பு வேண்டவே வேண்டாம். அத்தகையவை சிலவற்றில் பாதரசம் இருந்ததைச் சுகாதார அமைச்சே கண்டறிந்து தடைசெய்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் முகத்தில் பூசியது மடியிலுள்ள குழந்தையையும் பாதிக்கும்.